வண்டிச் சத்தத்துக்குப் பின்னால்

எங்கள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. வண்டியில் கோளாறு என்று எழுத்தில் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சத்தத்தை அனுப்ப வேண்டும். காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன்னால் வண்டியை நேராக நிறுத்தி, போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து போட வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள், 'கடகடன்னு வருது சார்', 'இல்ல சார், கொஞ்சம் டக்டக்னு' என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒருவருடைய கடகட இன்னொருவருக்கு டக்டக். அதனால்தான் இந்தச் சட்டம்.

ஒரே மாடல் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் சேர்ந்த குரூப் அது. அந்த மாடலைச் செய்த கம்பெனிக்காரனே அதை நிறுத்திவிட்டு மறந்துபோனான். நாங்கள்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம். குரூப்பில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர். நான் இருப்பது குரும்பலூரில். ஆனால் குரூப்பில் எனக்குப் பெயர் பெரம்பலூர். இரண்டு முறை திருத்திப் பார்த்தேன், யாரும் கேட்கிற மாதிரி இல்லை, விட்டுவிட்டேன்.

குரூப்பில் எத்தனையோ பேர் இருந்தாலும் சத்தம் கேட்டுச் சொல்கிற பெரிய ஆட்கள் இருவர்தான். ஒருவர் துறையூர் அண்ணன். எழுதவே மாட்டார். வாய்ஸில் நாலு வார்த்தை பேசுவார், அதிலும் ஒரு வார்த்தை இருமல். இன்னொருவர் விருத்தாசலம் சார். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, பத்தி பிரித்து, கமா வைத்துப் பதில் எழுதுவார். இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. துறையூர் ஒன்றும் தூரமில்லை, நினைத்தால் போய்விடலாம். ஏனோ போகவில்லை.

யாருக்கும் சட்டென்று நன்றி சொல்லிவிடுகிற ஆள் இல்லை நான். என் மனைவி அப்படித்தான் சொல்வாள். அவள் சொன்னது சரிதான் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

என் வேலை ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வந்து, அரியலூர் ரோட்டைப் பிடித்து, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டே போக வேண்டும். அந்த ரோட்டில் வண்டி நின்றுவிட்டால் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். அதனால் சின்னச் சத்தம் மாறினாலும் எனக்குப் பயம். காலையில் எழுந்ததும் சத்தம் பதிவுசெய்து குரூப்பில் போட்டுவிடுவேன்.

வண்டி நிற்கும் இடம் வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்து. அங்கேதான் சமையலறை ஜன்னல். நான் போனை வைத்துவிட்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து அவள் ஆரம்பிப்பாள்.

"அதுக்கு என்ன சளியா புடிச்சிருக்கு? டெய்லி நெஞ்சுல வெச்சு வெச்சுப் பாக்கறீங்க. எனக்குத் தலவலின்னா ஒரு தைலம் எடுத்துக் குடுத்திருப்பீங்களா?"

இதெல்லாம் பதிவாகிவிடும். மறுபடி எடுக்க நேரம் இருக்காது, அப்படியே அனுப்பிவிடுவேன். முதல் தடவை எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. துறையூர் அண்ணன் வாய்ஸ் வந்தது. "வால்வு டைட்டா இருக்கு, லூஸ் பண்ணுங்க. தைலம் வாங்கிக் குடுங்க." அதோடு குரூப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் யாரென்றே தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தங்கச்சி. ஒரு நாள் அவள் குரல் பதிவில் இல்லையென்றால், "பெரம்பலூரு, இன்னிக்கு தங்கச்சி திட்டலையா, வூட்ல எதுவும் சண்டையா?" என்று கேட்பார்கள். நான் அதை அவளிடம் சொன்னால், "வேல வெட்டி இல்லாத கூட்டம்" என்பாள். ஆனால் மறுநாள் கொஞ்சம் சத்தமாகவே திட்டுவாள்.

போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று பெரம்பலூரில் காட்டி, திருச்சிக்குக் கொண்டுபோய், திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

குரூப்பில் ஒரு வரி போட்டேன். கும்பிடுகிற கைப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். பதினாறாம் நாள் முடிந்ததும் ஓசூரில் இருக்கும் மகள், "எங்க கூட வந்துருங்கப்பா" என்றாள். அவளுடையது இரண்டு அறை வீடு, மாமியார் வேறு இருக்கிறார். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் எங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. உண்மையில் அது சிறிய வீடுதான்.

வண்டியை நான் தொடவில்லை. பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் இருந்தால் பேச்சுச் சத்தம் கேட்கும், அது யாருடைய பேச்சாக இருந்தால் என்ன. ஒரு நாள் ரெட்டிபாளையத்தில் கூட்டத்தோடு இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து போன் ரோட்டில் விழுந்தது. குனிவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அதன் மேல் ஏறிப் போனது. புதுப் போன் வாங்கி, அதே நம்பரைப் போட்டேன். குரூப் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். பழையது எதுவும் இல்லை. எதையும் எடுத்துச் சேமித்து வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்போதுதான் உறைத்தது. அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்தப் பதிவுகள். அவள் போனில் பேசுவாளே தவிர வாய்ஸ் அனுப்பத் தெரியாது. போட்டோ என்றால் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். மகள் கல்யாண வீடியோவில் முழு நீளத்துக்கும் நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டான் வீடியோக்காரன். அதில் எல்லோரும் வாயை அசைக்கிறார்கள், அவளும் அசைக்கிறாள். அந்தப் பழைய போனில் பதிவுகள் இருந்தவரை நான் ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. தைரியம் வரவில்லை. எங்கே போய்விடப்போகிறது, மெதுவாகக் கேட்கலாம் என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை துறையூர் அண்ணன் போன் செய்தார். அதுவரை அவர் எனக்கு நேராகப் போன் செய்ததில்லை. எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்கவில்லை.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"இல்லண்ணே."

"பெட்ரோலு கார்புரேட்டர்ல பிசினாட்டம் ஒட்டிக்கும். நாளைக்கி ஞாயித்துக்கெழமதானே. கழட்டித் தொடச்சு, ஸ்டார்ட் பண்ணி, சத்தம் போடுங்க. நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

வைத்துவிட்டார். யாரோ ஒருவர் எனக்காகப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்பது அந்த மாதங்களில் நான் கேட்காத வார்த்தை. அதற்காகவே மறுநாள் சந்தில் துணி விரித்து உட்கார்ந்தேன். கழற்றத் தெரியும், மாட்டத் தெரியாது. விருத்தாசலம் சார் வீடியோவில் வந்து ஒவ்வொரு திருகாகச் சொன்னார். அவர் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன், அதிலும் பாதி நேரம் நெற்றிதான் தெரிந்தது. மதியத்துக்கு மேல் வண்டி உறுமியது. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, சட்டப்படி ஒரு நிமிடம் பதிவுசெய்து குரூப்பில் போட்டேன்.

விருத்தாசலம் சார், 'இன்ஜின் நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதினார். பத்தியும் இல்லை, கமாவும் இல்லை. துறையூர் அண்ணன் வாய்ஸ் வந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்கு. பின்னாடிதான் ஒண்ணுமே கேக்கல." இருமினார். அது இருமல்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் கேட்கிற துணிச்சல் வந்தது. அதையும் நேராகக் கேட்க வாய் வரவில்லை. 'போன் உடைந்துவிட்டது. பழைய சத்தத்தோடு இப்போதைய சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் முன்பு போட்ட பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா?' என்று எழுதினேன். ஒப்பிடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர்கூட, எதற்கு என்று கேட்கவில்லை. ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். பலருக்குப் போனில் இடம் போதாமல் அவ்வப்போது அழித்துவிடுகிற பழக்கம். துறையூர் அண்ணனும் அழித்திருந்தார். இல்லை, இல்லை என்றே பதில்கள் வந்தன. நான் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கடைசியில் விருத்தாசலம் சார் தனியாகப் போன் செய்தார். புதிதாக வருகிறவர்களுக்குக் கேட்டுப் பழகக் கொடுப்பதற்காகக் கோளாறுச் சத்தங்களை அவர் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறார். வால்வு சத்தம் இது, செயின் சத்தம் இது என்று. என் வண்டிச் சத்தங்களும் அதில் இருக்கின்றன என்றார்.

"ஆனா ஒரு விஷயம்ங்க" என்றார். "புதுசா கேக்கறவங்களுக்குக் கொழப்பமா இருக்கும்னு, இன்ஜின் சத்தத்த மட்டும் வெச்சுக்கிட்டு மத்தத வெட்டிட்டேன். குக்கர் சத்தம், ஆள் சத்தம் எல்லாத்தையும். தங்கச்சி பேசுற எடமா பாத்துப் பாத்து வெட்டியிருக்கேன். என் கையாலயே."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எங்களுக்கு அப்போது இன்ஜின்தான் கேட்க வேண்டிய சத்தம், மற்றதெல்லாம் இடைஞ்சல். "பரவால்ல சார், விடுங்க" என்றேன். அன்று இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் குரூப்பிலேயே ஒரு பதிவைப் போட்டார். கீழே எழுதியிருந்தார்: 'பெரம்பலூர் அவர்களுக்கு. டைமிங் செயின் மாற்றிய பிறகு நீங்கள் அனுப்பியது. கோளாறு இல்லாத சத்தம் என்பதால் பாடத்துக்கு உதவாது என்று ஒதுக்கிவைத்துவிட்டேன், அதனால் வெட்டவில்லை. கடைசிவரை கேளுங்கள். அன்று நாங்கள் யாரும் கடைசிவரை கேட்கவில்லை.'

எனக்கு அந்தப் பதிவு நினைவிருந்தது. மாதக்கணக்கில் ஒரு சத்தம் பிடிபடாமல் அலைக்கழித்து, இந்த இருவரும் சேர்ந்து இன்ஜினுக்குள் ஓடுகிற செயின்தான் என்று கண்டுபிடித்து, அரியலூரில் மாற்றிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் எடுத்தது. அனுப்பியதும் குரூப்பில் எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். வண்டி சரியாகிவிட்டது, அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது.

சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம். பக்கத்து வீட்டுச் சேவல். அவள் திட்டவில்லை. முக்கால்வாசி போய்விட்டது, அவள் பேசவே இல்லை. இதிலும் இல்லையோ என்று பயந்தேன். பிறகு ஜன்னலுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்று பேசியிருக்கிறாள், இன்ஜினைவிடத் தெளிவாகக் கேட்டது.

"ம், இப்ப சரியா இருக்கு. நடுவுல நடுவுல கிட்டு கிட்டுன்னு ஒண்ணு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சுல்ல, அது போயிருச்சு. இனி பயமில்லாம போயிட்டு வரலாம். சரி, ஆஃப் பண்ணிட்டு வாங்க, தோச ஆறுது."

அன்று பக்கத்திலேயே நின்றும் என் காதில் இன்ஜினைத் தவிர எதுவும் ஏறவில்லை. தினமும் திட்டிக்கொண்டே அவளும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். லாரி ரோட்டில் நான் நின்றுவிடக்கூடாதே என்று எனக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. என்னிடம் சொன்னதே இல்லை. துறையூரிலும் விருத்தாசலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"தோ வரேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஹெட்போன் போட்டிருந்ததால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அடுப்பு துடைத்தது துடைத்தபடி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் குரூப்பில், 'கடைசிவரை கேட்டேன் சார். நன்றி. துறையூர் அண்ணனுக்கும் நன்றி' என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய நன்றிகளில் இது எத்தனையாவது என்று கேட்டு, அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

துறையூர் அண்ணன் வாய்ஸ் வந்தது. அன்று அவர் இருமவில்லை.

"நானும் கேட்டேன் பெரம்பலூரு. அவ்வளவு நாளா நாங்க செயினு, வால்வுன்னு மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தோம். தங்கச்சியத்தான் கேட்டிருக்கணும். சரி, நாளைக்கி வண்டியில போங்க. சரியா இருக்குன்னு தங்கச்சியே சொல்லிட்டாங்கல்ல."