ஒரு நிமிஷம், அப்படியே இரு

பிள்ளையார் கோயில் மாடத்தில் அணைந்து கிடக்கிற அகல்விளக்கு. அதன் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, தலையை உள்ளே கவிழ்த்து, மிச்சமிருந்த எண்ணெயை ஓர் அணில் நக்கிக்கொண்டிருக்கிறது. வால் மட்டும் சுடர் மாதிரி நேராக மேலே நிற்கிறது. என் அண்ணன் எடுத்த படங்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் விளக்கு எரிவது போலவே இருக்கும். எங்கள் தெருவில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பாராட்டினார்கள். அந்த அணிலை முதலில் பார்த்தது அண்ணன் இல்லை, அண்ணி. தண்ணீர் எடுத்து வரும்போது இரண்டு நாள் தொடர்ந்து அதே நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வீட்டுக்குள் குடத்தை இறக்குவதற்கு முன்பே சொன்னாள். “இன்னாங்க, நம்ம புள்ளையாருக்கு ஒரு புது பூசாரி வந்துக்கீறான். காலங்காத்தால எண்ணெய எல்லாம் குடிச்சிட்டு வெளக்கத் தொடச்சி வெச்சிட்டுப் போறான்.”

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில், ஓர் ஏரியை ஒட்டி இருந்தது. அண்ணன் படப்பைப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். அப்பா இல்லை. அம்மா, அண்ணன், அண்ணி, நான், நான்கு பேர்தான் வீட்டில். நான் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன், விடுமுறைக்கு விடுமுறை வந்து போவேன். தாம்பரத்தில் கடையை மூடிக்கொண்டு போன ஒரு ஸ்டூடியோக்காரரிடமிருந்து அண்ணன் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தான். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி மாதிரியானது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் அவன் போகமாட்டான். வேடிக்கையாக ஏதாவது நடக்க வேண்டும், அதை யாரும் ஏற்பாடு செய்திருக்கக் கூடாது, அதுதான் அவனுக்குப் படம். ரேஷன் கடைப் பலகையில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்காரரோடு வாதாடுவது போல நிற்கிற வெள்ளாடு. தராசின் ஆளுக்கொரு தட்டில் உட்கார்ந்து, எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போலிருந்த இரண்டு மைனாக்கள். அவை கலைந்துவிடாமலிருக்க அவன் மூச்சைக்கூட அடக்கி நிற்பான். அந்த அணிலுக்காக மூன்று காலை வேளைகள் கோயில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள்தான் அழுத்தினான்.

வேடிக்கையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அண்ணிதான். அதற்கென்று அவள் தேடிப் போகமாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், சட்டென்று முறத்தைக் கீழே வைப்பாள். “அந்த எருமையப் பாருங்க. காக்கா காதக் கொடையுது, அது கண்ண மூடிக்கினு சொகமா நின்னுக்கினு கீது. நம்ம மணியக்காரரு சவரம் பண்ணிக்கிற மாறியே இல்ல?” அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது எருமையாக இல்லாமல் மணியக்காரராகத் தெரியும். ஐந்தாவது வரை படித்தவள். அவள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற பழக்கம் வந்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள், எனக்கும் அவளுக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம் என்றாலும்.

கார்த்திகை மழையில் அந்த வருடம் ஏரி நிரம்பி வழிந்தது. கூழைக்கடாப் பறவைகள் வந்திருக்கின்றன என்று மாடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேமராவோடு புறப்பட்டான். மழை விடுமுறைக்கு வந்திருந்த நானும் வருகிறேன் என்றேன். அண்ணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அம்மா வேண்டாம் என்றாள். “பை மாறி வாயி வெச்சிக்கினு வந்திருக்குதாமே, அத நான் பாக்க வேணாமா” என்று சொல்லி அவளும் கிளம்பிவிட்டாள். தயிர்சாதம் போட்ட தூக்குச்சட்டியை அவள்தான் எடுத்து வந்தாள். நான் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. கைவீசி நடந்து பழகிய வயது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கரையின் பாதி ஒரு தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் போய்விட்டது. அன்றைக்கு அது வெறும் களிமண் கரை, மழையில் ஊறி வழுக்கியது. எருமைகள் இறங்கி ஏறுகிற சரிவில் அண்ணியின் கால் சறுக்கியது. சறுக்கிக்கொண்டே போய் அடியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குச்சட்டி மூடி திறந்து தயிர்சாதம் தலையிலும் தோளிலும் கொட்டியது. நானும் அண்ணனும் மேலே நின்றோம். அடுத்த கணம் கூட்டத்திலிருந்து ஓர் எருமைக்கன்று பிரிந்து வந்து, கொஞ்சமும் பயமில்லாமல், அவள் கன்னத்திலிருந்து நெற்றி வரைக்கும் நக்க ஆரம்பித்தது. அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒரு கை சேற்றில் ஊன்றியிருந்தது. இன்னொரு கையை எங்களை நோக்கி நீட்டினாள்.

“ஒரு நிமிசம்,” என்றான் அண்ணன். “அப்படியே இரு.”

அவள் அப்படியே இருந்தாள். அண்ணன் கேமராவின் மூடியைத் திறந்தான், வெளிச்சம் பார்த்தான், குனிந்தான், ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தான். அழுத்தினான். சுருளைச் சுற்றிவிட்டு இன்னொரு தடவை அழுத்தினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் ஓடி இறங்கித் தூக்கினான், தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். அடிபட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். வீடு திரும்பும் வழியில் அண்ணியும் சிரித்தாள். அவளும் சிரித்தாள் என்பதை நானும் அண்ணனும் பிற்பாடு எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் காஞ்சிபுரம் கொண்டு போனார்கள். பிள்ளை தங்கவில்லை. விழுந்ததால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, விழாமலும் இப்படி ஆவதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதான், நான் பார்த்தேன். அவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அப்படி இருந்திருந்தால் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சுருளில் இன்னும் மூன்று படங்கள் மிச்சமிருந்ததால் அது கேமராவுக்குள்ளேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்து அண்ணன் ஒரு பூனையையும் இரண்டு கோழிகளையும் எடுத்து அதை முடித்தான். கழுவி வந்த படங்களை, நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மாடத்து விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்தப் படம் வந்ததும் அடுத்ததை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவ்வளவு நன்றாக இருந்தது. சேறு முழுக்க ஒரு பீடம் மாதிரி. அதன்மேல் கண்மூடி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், தலையில் அபிஷேகம் செய்தது போல வெள்ளையாக வழிகிறது. பக்கத்தில் பக்தியோடு ஓர் எருமைக்கன்று. அவள் உள்ளங்கை நம்மைப் பார்த்து, கோயில் சிலையில் இருப்பது போல, உயர்ந்திருக்கிறது.

ஒரு வாரப்பத்திரிகை வேடிக்கைப் படங்களுக்குப் போட்டி வைத்திருந்தது. “அனுப்பட்டுமா?” என்று கேட்டான். அண்ணியிடம் கேட்டாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும். “படத்துக்குக் கீழ ஒரு வரி வேணுமாம், எனக்கு அதெல்லாம் வராது, நீ எழுதேன்” என்றான். தமிழ்க் கட்டுரைக்கு வகுப்பில் நான்தான் எப்போதும் முதல். இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ‘எருமைக்கும் உண்டு அபயம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்த என் முதல் வரி அது. என் பெயர் இல்லை. ஆனாலும் விடுதியில் தோழிகளிடம் பத்திரிகையை நீட்டி, இது நான் எழுதியது என்று சொல்லிக்கொண்டேன். படத்தில் இருப்பது யார் என்று யாரோ கேட்டதற்கு, எங்கள் ஊர்க்காரி ஒருத்தி என்றேன்.

முதல் பரிசு. பத்திரிகையின் பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்று வந்தது. முடிதிருத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக்கு மேலே ஒட்டினார்கள். கிணற்றடியில் பெண்கள் அண்ணியைப் பார்த்ததும் கையை உயர்த்தி, “தாயே, எங்களுக்கும் கொஞ்சம் அபயம் குடும்மா” என்றார்கள். அவர்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. துக்கம் விசாரித்து முடித்திருந்தார்கள், அடுத்ததாகச் சிரித்தார்கள்.

அண்ணி பத்திரிகையை வாங்கி எழுத்துக் கூட்டி அந்த வரியைப் படித்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். “அனுப்பறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“மூஞ்சி எங்க தெரியுது? சேறும் சோறும்தான தெரியுது. யாரு வேணும்னா இருக்கலாம்.”

“ஊருக்குத் தெரிஞ்சிட்டுதே.”

“நல்லா வந்துக்கீதுன்னுதான் அனுப்புனேன். நீயே பாரு, எவ்ளோ நல்லா வந்துக்கீது.”

அவள் பார்த்தாள். பிறகு பத்திரிகையை மடித்து அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் சுட்டிக்காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். காக்கை எருமையின் காதைக் குடையும், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தான். ஆடு ஆடாக நின்றது, கோழி கோழியாக மேய்ந்தது. அனுப்பிய படங்களைப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. அணில் பயந்துவிடக் கூடாதென்று மூன்று நாள் காத்திருந்தவன், பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கக் காத்திருக்கவில்லை.

என் கல்யாண ஆல்பத்தில் அண்ணி எங்குமே இல்லை. படக்காரர் விளக்கைத் தூக்கும்போதெல்லாம் அவளுக்குச் சமையல் பந்தலில் ஏதோ வேலை வந்துவிட்டது. வேறு பிள்ளையும் தங்கவில்லை. சில வருடங்கள் கழித்து ஒரு பொங்கலுக்கு வாலாஜாபாத் பக்கமிருந்த தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அண்ணன் இரண்டு முறை போய்க் கூப்பிட்டான். இரண்டு முறையும் சாப்பாடு போட்டு அனுப்பினாளாம். அதன் பிறகு அவன் போகவில்லை.

எண்பதுகளில் எனக்கு மாறுதலாகி வந்த பள்ளி அந்தப் பக்கம்தான் இருந்தது. அங்கே சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்பவள் அண்ணி என்பது நான் சேர்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. புகையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “வாங்க டீச்சர்” என்றாள். நான் அண்ணி என்றேன். அவள் அடுப்பின் பக்கம் திரும்பி விறகை உள்ளே தள்ளினாள். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. உப்பு போதுமா டீச்சர், இன்னிக்கு எத்தினி பிள்ளைங்க டீச்சர், அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் நல்ல மழை, பிள்ளைகள் பாதிக்கு மேல் வரவில்லை. கூடத்துக்குள் ஒதுங்கி நின்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். “அண்ணி, அந்தப் படத்துக்குக் கீழ அந்த வரிய எழுதனது நான்தான்.”

“தெரியும் டீச்சர்.” அவள் நிமிரவில்லை. “உங்க அண்ணனுக்கு மாட்டு மருந்து பேருதான் எழுத வரும். அபயம் எல்லாம் எங்க வரும்?”

“தப்பு பண்ணிட்டேன்.”

“வரி நல்லாதான் இருந்துது. வேற எவளாவது அந்தச் சேத்துல ஒக்காந்திருந்தா நானே சிரிச்சிருப்பேன். உங்களுக்கு முன்னாடி சிரிச்சிருப்பேன்.” கழுநீரை வடித்தாள். பிறகு, ஏதோ பழைய விவரம் ஒன்றைத் திருத்துகிறவள் போலச் சொன்னாள். “அன்னிக்கி நான் கை நீட்டுனது அவருக்குன்னுதான நீங்க ரெண்டு பேரும் நெனச்சிக்கினு கீறீங்க. அவரு கையில பொட்டி இருந்துது. அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? உங்க கைதான் டீச்சர் சும்மா இருந்துது.”

அரிசி நிறைந்த அண்டாவை அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவள் வெளியே திரும்பி, முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த உதவியாளைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். அந்தப் பெண் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்து, புடவையில் கையைத் துடைத்துவிட்டு, மறுபக்கக் காதைப் பிடித்துத் தூக்கினாள்.