சித்தி சொன்ன ஃபொஸ்டர்

லண்டனில் இருக்கும் சித்தி தொலைபேசி எடுத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப் பயம் வந்து சேரும். அந்த முறை வந்த பயத்துக்குப் பெயர் ஃபொஸ்டர்.

"பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போகாதையக்கா. இஞ்சை எண்டால் கொண்டுபோய் ஃபொஸ்டர் பண்ணிப்போடுவாங்கள்."

அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார்.

மறுநாளே பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவுக்கு ஒரு சிஞ்ஞோராவின், அதுதான் ஒரு இத்தாலிய அம்மாவின், குழந்தையைப் பார்க்கும் வேலை. எனக்கு எட்டு வயது. "ஆர் தட்டினாலும் திறக்காதை" என்று சொல்லி, வாசலில் கிடந்த என் சப்பாத்துகளையும் அலுமாரிக்குள் ஒளித்துவிட்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடினார். பிள்ளை உள்ளே இருப்பது எங்கள் பகுதியான பிரான்காச்சோவில் ஒருவருக்கும் தெரியக்கூடாதாம்.

நான் சும்மா இருந்தேனா? டேப்லெட்டில் அந்தச் சொல்லைத் தேடினேன். பிறர் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது என்று பொருள் போட்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அதன் கீழே, உணவைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது, ஊட்டுவதே முதற்பொருள் என்றும் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யார் சாப்பாடு தருகிறார்களோ, பிள்ளை அவர்களுக்கு!

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா.

"மாஞ்ஜா, பிச்சிரிட்டா! சாப்பிடு, சின்னவளே! மனம் கேட்காமல் உன் அம்மா எனக்குப் போன் பண்ணினாள்!"

பொரித்த அரஞ்சினாவின் வாசம் கதவிடுக்கால் வந்தது. அரிசியும் இறைச்சியும் வைத்த அந்த உருண்டைக்கு நான் உயிரையே விடுவேன். அன்று உயிருக்குப் பயந்து கட்டிலின் கீழ் கிடந்தேன். அவர் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் வெளியே வரவேயில்லை.

பின்னேரம் அம்மா அந்தத் தட்டோடு உள்ளே வந்தார்.

"ஏனடி சாப்பிடேல்லை?"

"சாப்பிட்டால் நான் அவவின்ர பிள்ளையாப் போயிடுவன்" என்று சொல்லிக் குழறி அழுதேன். தேடி வாசித்ததையும் சொன்னேன்.

அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சோறும் பருப்பும் குழைத்து, ஊட்டும் வயது கடந்திருந்த எனக்கு ஊட்டிவிட்டார். அப்பா வந்ததும் அவரிடம் மெல்லச் சொன்னார்:

"நான் ஊட்டிவிடுற அந்தக் குழந்தை இண்டைக்குக் கதைக்கத் தொடங்கீட்டுது. தாய் பக்கத்திலை நிக்க, என்னைப் பார்த்து மம்மா எண்டுது."

"நல்ல விசயம்தானே?" என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நல்ல விசயத்துக்கு ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.