பிரியாத படலம்

தார்நாகாவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசை அவருடையது. மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப்பெண். பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவரும்: 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஏன்' என்பதற்கு 'கைக்கு'. ஒல்லியாக, உயரமாக இருப்பார். மூக்குக்கண்ணாடி எப்போதும் சரிந்தே நிற்கும். வெளிச்சம் படாமலிருக்க மாதிரிக் குப்பிகளுக்குச் சுற்றும் அலுமினியத் தாளை, பழக்கதோஷத்தில் தன் மோர் பாட்டிலுக்கும் சுற்றிவைப்பார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. கண்ணாடித் தகட்டில் பூசிய பாலிமர் படலம் ஒரு புற ஊதா விளக்கின் கீழ் இறுக வேண்டும். வேறொரு புற ஊதா விளக்கின் கீழ் மறுபடி பிரிந்து, திரவத்தில் கரைய வேண்டும். என்னுடையது கல்லாக இறுகும், பிரியவே பிரியாது. அவருடையதோ சர்க்கரை போலக் கரையும். அதைப் பார்க்கச் சகிக்காமல் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் அவராகவே வந்து என் விளக்கை அணைத்தார்.

"நக்கோ சார், இவ்ளோ நேரம் வெக்காதீங்க. லேசா பிசுபிசுப்பு இருக்கும்போதே எடுத்துடுங்க. ரொம்ப இறுகிட்டா அப்புறம் பிரிக்க முடியாது."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"கைக்கு சொல்லக் கூடாது?" என்று சிரித்துவிட்டு மோரைக் குடித்தார்.

என் படலம் அன்றே கரைந்தது. வாராந்தரக் கூட்டத்தில் எங்கள் தலைமை விஞ்ஞானி என்னைப் பாராட்டியபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். 'நான்தான் சொல்லிக்கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வயிற்றெரிச்சல் அன்றோடு தீர்ந்திருக்கும்.