இருதயத்தை மறைத்துப் பிடுங்கிய பல்

இங்கிலாந்தில் பல் வைத்தியரிடம் போனால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னர் இருதயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கையில் ஒரு படிவத்தைத் தந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்ததா, இருதயத்தில் இரைச்சல் உண்டா, வால்வு மாற்றியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தவனிடம் நெஞ்சைப் பற்றி என்ன விசாரணை என்று, பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் நம் நாட்டவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன மாதம் அதே கேள்விக்கு முன்னால் பேனை நின்றுவிட்டது. எனக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை. 'இல்லை' என்று அடையாளமிட்டால் முடிந்தது. ஆனால் கை நகரவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, ஊசிக்குப் பயமா, இங்கே வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள். ஆமென்று தலையாட்டினேன். ஒரு கோப்பைத் தண்ணீரும் கொண்டுவந்து தந்தாள். நல்ல பெண். என் தங்கையைப் பற்றி அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது?

தங்கை ரிஸ்மியா பாலாவிக்குப் பக்கத்து அகதி முகாமில் பிறந்தவள். தொண்ணூறில் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம் எங்களுடையது. ஓலைக் கொட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன; ஒரு வீட்டில் தொண்டை நோவு வந்தால் வரிசை முழுக்க வரும். ஒன்பது வயதில் அவளுக்கு அப்படி வந்த தொண்டை நோவின் பின்னால் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தன. எல்லாம் சுகமானது, இருதய வால்வு ஒன்று மட்டும் பழுதாகிவிட்டது. மாதம் ஒரு ஊசி என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் நோய் விவரம் எழுதிய கிளினிக் கொப்பி போட்டுக் கொடுத்தார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கமாகிவிட்டபடியால் நான்தான் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போவேன். அங்கிருந்த தாதி மிஸ்ஸி என்னைப் பிடித்துவைத்துச் சொல்லுவார்: "தம்பி, பல்லுப் புடுங்க எங்க போனாலும் இந்தக் கொப்பியக் காட்டோணும். வாயில இரிக்கிற கிருமி ரத்தத்தோட போய்ப் பழுதான வால்வுல ஒட்டிக்கொள்ளும். முந்தியே மருந்து எடுக்கோணும். மறந்துடாதீங்க." நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருக்காது.

அவளுக்கு மாம்புரியில் ஒரு சம்பந்தம் வந்தது. மரக்கறித் தோட்டக்காரர்கள், ஊர்க்காரர்கள், மரியாதையான குடும்பம். நாங்கள் 'அகதி ஆட்கள்' என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைக்கு வீடு கொடுக்க எங்களிடம் வழியில்லை, ஆகவே ரிஸ்மியாதான் மாப்பிள்ளையின் தாயான மாமியின் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு மேல் இருதய நோய் என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் எடுப்பார்கள்? மறைப்போம் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னது உம்மா இல்லை, நான். கொப்பி உம்மாவின் அலுமாரிக்குள் போனது. மாதம் ஒருமுறை உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அவள் பாலாவிக்கு வருவாள். உம்மாவோடு போய் ஊசி போட்டுக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுவாள். "மாசம் தவறாம உம்மாட மடியில போய்ப் படுக்கோணும் இவக்கு," என்று மாமி கேலி செய்வாராம். இப்படிப் பத்து வருடம் ஓடியது. நான் இதற்கிடையில் இங்கே வந்துவிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியதைப் பார்த்துப் பொறுக்காமல் மாமிதான் ஆட்டோ பிடித்து மதுரங்குளிக்குக் கூட்டிப்போனார். வேறு நோய் ஏதும் உண்டா என்று பல் வைத்தியர் கேட்டிருக்கிறார். மாமி முந்திக்கொண்டு, "ஒரு நோயுமில்ல டொக்டர், இது இரும்பு," என்றாராம். அது பாசத்தில் வந்த பேச்சு. ரிஸ்மியா வாயைத் திறந்து காட்டினாள், வாய் திறந்து சொல்லவில்லை. அன்று பின்னேரம் எனக்கு அழைத்து, பஞ்சைக் கடித்தபடி சிரித்துச் சிரித்துக் கதை சொன்னாள்.

"கொப்பியக் காட்டினியா?" என்று கேட்டேன்.

"எப்படி நானா? மாமி பக்கத்துல இரிந்தாவே," என்றாள். அண்ணனான என்னை அவள் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

உடனே போ, மருந்து கேள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பல்தானே, ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன். தொழிற்சாலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது என்பது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் சாட்டு.

இரண்டு கிழமை கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. டெங்கு இல்லை என்றார்கள். குளிசை போட்டால் விடும், நிறுத்தினால் திரும்ப வரும். மாமி தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மாடிப்படியே இல்லாத வீட்டில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, அவளை முன்பின் தெரியாத வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் இரைச்சல் கேட்கிறது, இது பழைய நோயா என்று டொக்டர் கேட்டிருக்கிறார். மாமி கட்டிலடியில் பிளாஸ்கோடு இருந்தார். இல்லை என்றாள் ரிஸ்மியா.

மாமி தொழப் போன இடைவெளியில் எனக்கு அழைத்தாள். "அல்லாவுக்காக இவருக்குச் செல்லிப் போடாதீங்க நானா. இவ்வளவு நாளும் மறைச்சவளெண்டு என்ன விட்டுட்டுப் போயிருவார்," என்றாள். ஓம், சொல்லமாட்டேன் என்றேன். அழைப்பை வைத்த கையோடு அவளுடைய மாப்பிள்ளை நிஸாருக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்கச் சொன்னது நான்தான் என்பதையும்.

"பத்து வருஷமா, மச்சான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம். பாலாவியில் உம்மாவிடம் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் டொக்டரின் கையில் கொடுத்திருக்கிறார்.

வால்வில் கிருமி வளர்ந்திருந்தது. கிழமைக் கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ற பேச்சை டொக்டர் பாதியில் நிறுத்திவிட்டாராம். இப்போது வீட்டில் இருக்கிறாள். கொழும்பில் வால்வு மாற்ற வேண்டும். அதற்கு முன்னர் வாயில் ஒரு சொத்தையும் இருக்கக்கூடாது. காலையும் இரவும் அவள் பல் துலக்கும்போது மாமிதான் பக்கத்தில் நின்று பார்க்கிறார். நிஸார் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரும் உம்மாவோடு கதைப்பதில்லை.

"நீங்க செல்லினதாலதான் உசிரோட இரிக்கேன், அது தெரியும்," என்று தங்கை சொன்னாள். "ஆனா நீங்க செல்லிட்டு அங்க இரிக்கிறீங்க. இந்த மூஞ்சிகளுக்கு முன்னால நான்தானே இரிக்கோணும்."

மறைக்கச் சொல்லிவிட்டு வெளிநாடு வந்தேன், வெளிநாட்டிலிருந்து உண்மையைச் சொன்னேன். இரண்டுக்கும் விலை கொடுப்பவள் அவள்.

எனக்கு மதிய இடைவேளை வரும்போது மாம்புரியில் பின்னேரத்து அஸர் தொழுது முடிந்திருக்கும். தினமும் வீடியோவில் அழைக்கிறேன். அவள் எடுக்கிறாள், சலாம் சொல்கிறாள், தொலைபேசியைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போகிறாள். எனக்குக் கூரை தெரிகிறது, மின்விசிறி தெரிகிறது. தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. அவளுடைய பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். மாத்திரை போட்டாயா என்று மாமி கேட்கிறார், போட்டேன் என்கிறாள் தங்கை. யாரும் என்னோடு பேச வருவதில்லை, யாரும் அழைப்பைத் துண்டிப்பதுமில்லை. தலையில் வலைத்தொப்பியோடு பாண் மணக்கும் இந்த அறையில் உட்கார்ந்து, இடைவேளை முடியும்வரை அந்த வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.