நீர் இறங்கும் வரை

முத்தம்மை பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. கடற்பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோர் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக அவளை அழைத்தபோது, போனை எடுத்த கணவர் சாத்தப்பன், "அவளுக்கு அவ்வளவு தூரம் ஒத்துவராது" என்று தானே சொல்லிவிட்டார். பிறகு அவளைச் சமாதானப்படுத்த, தாய்லாந்துக் கடற்கரையை ஒருநாள் சுற்றிப் பார்க்கத் தனிப் படகும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தார்.

அங்கே படகிலேயே ஒரு குகை வழியாக மலைக்கு நடுவே இருந்த குளத்துக்குள் போனார்கள். திரும்புவதற்குள் கடல் ஏறிக் குகைவாயை மூடிவிட்டது.

"தண்ணி வடியற வரைக்கும் உள்ளேயேதான் இருக்கணும்" என்றார் வழிகாட்டி, மலாயில்.

சுற்றிலும் செங்குத்தான பாறை. முத்தம்மைக்கு மூச்சு முட்டியது. வீட்டிலும் அவளுக்கு இப்படித்தான் முட்டும்.

"அந்த வேலைக்கு நான் சரின்னு சொல்லப் போறேன்" என்றாள் கணவரிடம்.

"இதை இங்கயா பேசணும்?"

"வீட்ல பேசினா எழுந்து போயிடுவீங்க. இங்க எங்க போவீங்க?"

அவர் மூடிக்கிடந்த குகைவாயைத் திரும்பிப் பார்த்தார். "தினமும் பாலத்தைத் தாண்டி யார் கொண்டுபோய் விடுவா?" என்றார்.

"நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்லா."

நீர் இறங்கியதும் மூவரும் படகில் மல்லாந்து படுத்து, முகத்தை உரசும் பாறைக்கடியில் வெளியே வந்தார்கள்.

பினாங்கு திரும்பிய மறுநாளே முத்தம்மை அந்தப் பள்ளிக்குப் போன் செய்தாள். இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது; வருவதாகச் சொல்லிவிட்டாள். சாத்தப்பன் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.