மலைப்பக்கம்

எங்கள் தெருவில் மேற்கு என்று யாரும் சொன்னதில்லை. "மலைப்பக்கம் தள்ளி வை", "மலைப்பக்கமா திரும்பிப் படு" என்பார்கள். கோயிலுக்குக் கிழக்கே குடியிருந்த எங்களுக்கு மலை மேற்கில்தானே இருக்கும்.

ஊர் தனி மாவட்டமானதும் கலெக்டர் ஆபீஸ் ஊருக்கு வடக்கே வேங்கிக்காலுக்கு வந்தது. அங்கே கிளார்க்காக இருந்த அப்பா, பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டினார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சமையக்கட்டு ஜன்னல் மலைப்பக்கம் இருக்கணுங்க. கார்த்திகைக்கு வீட்டிலேருந்தே தீபம் பாக்கணும்." மலைத் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா வாசலில் அகல் ஏற்றுவாள்.

மேஸ்திரி வெளியூர்க்காரர். அவருக்குப் புரியட்டும் என்று அப்பா தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்தார்: 'ஜன்னல், மேற்கு.' அந்த மனுஷரும் மேற்கிலேயே வைத்துவிட்டார். வேங்கிக்காலில் மலை இருப்பது தெற்கே. பால் காய்ச்சிய அன்று அம்மா ஆசையாக ஜன்னலைத் திறந்தால், வெறும் வேலிக்காத்தான் புதர்.

"மலை எங்கங்க?"

அப்பா தெற்குச் சுவரைப் பார்த்தார். "அதுக்குப் பின்னால இருக்குது" என்றார்.

ஒரு வாரம் அம்மா அவருக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. கடைசியில் தெற்குச் சுவரை இடித்து இன்னொரு ஜன்னல் வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடியும்வரை அந்த ஜன்னலோரம் நின்றுதான் காலையில் தோசை தின்றேன். எத்தனை நல்ல நாட்கள் அவை. இன்றைக்கும் தோசைக்கல் வாசனை வந்தால் எனக்கு மலைதான் ஞாபகம் வருகிறது.

நான் காலேஜ் சேர்ந்த வருஷம் தெற்கு மனையில் வீடு வந்தது. ஐப்பசிக்குள் மாடியும் எழும்பி மலை மறைந்தே போனது. எங்கள் வீட்டுக்கு மாடிப்படி கிடையாது. "அவங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அம்மா சபதமே போட்டுவிட்டாள்.

கார்த்திகை சாயங்காலம் ஊர்ப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அகல்களை அடுக்கி வைத்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக அம்மா வாசலில் நின்றாள்.

"தீபம் ஏத்திட்டாங்கம்மா. நீயும் ஏத்து" என்றேன்.

"பாக்காம எப்படிடி ஏத்தறது?" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது வடக்கு வீட்டுப் பெண் வந்தாள். எங்களுக்கு முன்பே அங்கே வீடு கட்டிக் குடிவந்தவள், அம்மாவைவிட வயதில் சின்னவள்.

"ஏன்க்கா இன்னும் ஏத்தல? உங்க வாசலத்தான் பாத்துக்குனு நிக்கறேன்."

"என் வாசல எதுக்கு பாக்கற?"

"உங்க வீடு வந்ததிலேருந்து எங்களுக்கு மலை தெரியாதே. நீங்க பாத்துட்டு ஏத்துவீங்க. உங்களப் பாத்து நான் ஏத்துவேன். வருஷா வருஷம் அப்படித்தான்க்கா." அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை அவள்.

அம்மா திரும்பி எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தெற்கு வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"நாங்க ரெண்டு பேரும் மாடிக்கு வரலாமாங்க? மலைய பாக்கணும்."