ஜீவராணி கட்டிய முகம்

குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு ஜீவராணி 2022இல் ஊர் திரும்பினாள். லுணுகலையிலிருந்து ஆட்டோ பிடித்து, தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்து இறங்கியபோது, அவளுடைய பெட்டியை இறக்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே முழுக்க விளையாட்டுக் கட்டைகள். சின்னப் பிள்ளைகள் ஒன்றின் தலையில் ஒன்றை அழுத்திப் பொருத்தி வீடும் காரும் கட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐயாயிரத்துக்குக் குறையாது.

"இது என்னா?" என்று கேட்டான் கணவன் விஜேந்திரன்.

"அந்த வீட்டுப் புள்ள நூராவோட கட்ட. வீசப் பாத்தாங்க. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

கூட்டம் மெல்லக் கலைந்தது. பதினைந்து வயது மகள் பிரசாந்தினி உள்ளே போய்விட்டாள். விஜேந்திரனின் அக்கா பெரியாயி மட்டும் குனிந்து ஒரு கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் திரும்பவும் பெட்டிக்குள் போட்டாள்.

"ஏசியிருந்தாக்கூட பரவாயில்ல டீச்சர். நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்று ஜீவராணி பிறகு என்னிடம் சொன்னாள்.

என் பெயர் ஜெமீலா. பிரசாந்தினி படித்த பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஜீவராணியின் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது நல்ல பங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் வெளிநாடு போனபோது மகளுக்கு நாலு வயது. அதற்கு முந்தின வருடம் விஜேந்திரன் தேயிலை கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு முதுகில் அடிபட்டுக் கிடந்தான். மூன்று பேருக்கும் அவள் பறிக்கிற கொழுந்து மட்டும்தான். இரண்டே வருடத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. பிள்ளையைப் பெரியாயியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியாயிக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய காம்பரா அடுத்த கதவு.

குவைத்தில் அவள் போய்ச் சேர்ந்த வீட்டில் அடுத்த மாசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நூரா. நாற்பதாம் நாள் குழந்தையை ஜீவராணியின் கையில் கொடுத்தார்கள். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, காய்ச்சலில் விழித்திருப்பது எல்லாம் அவள்தான். மூன்று வயதில் நூரா சாப்பிட மறுத்தாள். எதைக் கொடுத்தாலும் துப்பினாள். ஒரு நாள் தரையில் கிடந்த கட்டைகளை ஜீவராணி சும்மா அடுக்கிக்கொண்டிருக்க, பிள்ளை வாயைத் திறந்தது. அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு, ஒரு கட்டை என்று ஆகிவிட்டது. முதலில் சுவர், பிறகு ஒட்டகம், பிறகு பேரீச்ச மரம். பிள்ளை தூங்கிய பிறகும் அவள் தனியாக உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தாள். வளைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிசையையும் கட்டைத் தலையிலுள்ள ஒரு மொட்டளவு உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும், உள்ளே வெற்றிடம் விட்டுக் குறுக்கே கட்டைகள் கொடுத்தால் சாயாது என்பதெல்லாம் அவளாகவே கண்டுபிடித்தது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அதுதான் என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பாள். நூரா விடமாட்டாள், மடியில் ஏறிக்கொண்டு தன் கன்னத்தை ஜீவராணியின் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். இந்தப் பக்கத்தில் பிரசாந்தினி எப்போது பார்த்தாலும் திரையில் இரண்டு முகங்கள். எட்டு வயதில் ஒரு தடவை கேட்டாள். "அந்தப் புள்ள ஏன் எப்பவும் இருக்கு?" ஜீவராணி சிரித்துச் சமாளித்தாள். அதற்குப் பிறகு கோல் வந்தால் பிரசாந்தினிக்குப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வேலை வந்துவிடும்.

இரண்டு வருடம் நாலாகி, நாலு ஏழானது. முதுகு சரியில்லை, கூரைத் தகரம் மாற்ற வேண்டும், பிள்ளைக்கு வகுப்பு வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தாள். முதல் தடவை வந்தபோது மகள் பெரியாயியின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இவங்க எப்ப போவாங்க?" என்று பெரியாயியிடம் கேட்டிருக்கிறாள்.

நூராவுக்குப் பத்து வயதானபோது கட்டை விளையாட்டெல்லாம் விட்டுப் போயிற்று. கையில் தொடுதிரை டெப் வந்துவிட்டது. ஜீவராணியின் தேவையும் அங்கே முடிந்தது.

திரும்பி வந்த அடுத்த வாரமே அவள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்க ஆரம்பித்தாள். சாயந்தரம் கூடையை இறக்கி, கால் கழுவி, சமைத்து வைத்துவிட்டு முன் காம்பராவில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். முழங்கை நீளத்துக்கு, கொழுந்து மலையில் காலில் ஏறுகிற அட்டை ஒன்று செய்தாள். கறுப்புக் கட்டையில் வளைந்து நெளிந்து, கால் தேடுகிற மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது அது. லயத்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒரு காட்டுப்பன்றி. விஜேந்திரன் பலகை தடுக்காமல் சுற்றிப் போவான், வருவான்.

பிரசாந்தினி நாலைந்து நாள் பள்ளிக்கூடம் வராததால் விசாரிக்க ஒரு நாள் நான் அந்த லயத்துக்குப் போனேன். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். பலகையின் மேல் நிமிர்ந்து நின்றது, கட்டையில் செய்த ஒரு பெண்ணின் கை, விரலிலிருந்து தோள் வரை. விரல் நுனிகளில் இரண்டு இலையும் ஒரு குருத்தும். சாயம் ஏறிக் கறுத்த விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. பெருவிரலில் கொழுந்தை ஒடிக்கும் அந்தச் சின்னத் திருப்பம் அப்படியே இருந்தது. இருபது வருடம் சித்திரம் படிப்பித்த எனக்கு அதைப் போல ஒன்று செய்ய வராது.

"இத யாராச்சும் பாக்கணும்ங்க" என்றேன்.

பதுளையில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தடவை மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைப்போம். அதற்குப் புதிதாக ஒன்று செய்து தரச் சொன்னேன். ஜீவராணி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு முகம் செய்யலாமா டீச்சர்? எம் புள்ளையோட முகம். அஞ்சாம் வகுப்புல எடுத்த போட்டோ ஒன்னு அனுப்பியிருந்தாங்க. அந்த வயசுல நான் பாக்கல."

மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "அருமையா இருக்கும், செய்ங்க" என்று.

மூன்று மாதம் கட்டினாள். தோலின் நிறத்துக்குக் கட்டை கிடைக்கவில்லை, மஞ்சளையும் வெள்ளையையும் கலந்து போட்டாள். கறுப்பில் முடி, உதட்டுக்குச் சிவப்பு. போட்டோ சின்னது, மங்கலானது. அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். போகப் போக அதைப் பார்க்கவே தேவைப்படவில்லை, கை தானாகப் போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். கன்னத்தை மட்டும் பதினொரு தடவை கலைத்துக் கட்டினாளாம். முடித்த பிறகு காட்ட வேண்டும் என்ற ஆவலில் மகளை ஒரு நாளும் கிட்ட விடவில்லை. துணி போட்டு மூடி வைத்தாள்.

கண்காட்சியில் அந்த முகத்துக்கு முன்னால்தான் கூட்டம். இரண்டடி உயரம். தள்ளி நின்று பார்த்தால் கட்டை என்றே தெரியாது, யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற பிள்ளை மாதிரி இருந்தது. ஜீவராணி புதுச் சேலை கட்டிப் பக்கத்தில் நின்றாள். 'என் மகள்' என்று நான்தான் என் கையால் அட்டையில் எழுதி ஒட்டினேன். சனிக்கிழமை காலை எங்கள் பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வந்தேன்.

பிரசாந்தினியைச் சிநேகிதிகள் முன்னால் தள்ளினார்கள். "ஏய், ஒன்னையப் பாருடி!" என்று ஒருத்தி போனைத் தூக்கினாள். பிரசாந்தினி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டீச்சர், இது நான் இல்ல."

"சின்ன வயசு போட்டோ இல்லையா அது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சின்ன வயசுலயும் நான் இப்படி இல்ல. இது அந்தப் புள்ள. நூரா."

"என்னாடி சொல்ற?" என்று ஜீவராணி சிரித்தாள். "ஒன் போட்டோவப் பாத்துத்தானே கட்டுனேன்."

"அம்மா, எனக்குத் தெரியாதா அந்த முகம்? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பாத்தேனே."

குரலை உயர்த்தவில்லை அவள். சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். ஜீவராணி திரும்பித் தான் கட்டியதைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு அது போயிற்று. பொம்மையின் உப்பிய கன்னத்தைத் தொட்டாள், குட்டையான மேலுதட்டைத் தொட்டாள், நெற்றியில் வெட்டி விட்ட முடியைத் தொட்டாள்.

"இந்த முடிய நான்தான் வெட்டி விடுவேன் டீச்சர்" என்றாள் மெதுவாக. "நூராவுக்கு. மாசம் ஒருக்கா."

உடனே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாள். ஞாயிறு வரை எதையும் எடுக்க முடியாது என்று மண்டபத்தில் சொன்னார்கள். நான் எழுதிய அட்டையை மட்டும் உரித்துக் கிழித்தாள். அன்றும் மறுநாளும் அந்த முகம் பெயர் இல்லாமல் நின்றது. சனங்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஒரு கட்டை மிச்சமில்லாமல் கலைத்தாள். மறுபடி தாடையிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மகளையே எதிரில் உட்காரக் கேட்டாள். என்ன நினைத்தாளோ, பிரசாந்தினி சம்மதித்தாள். இரண்டு சாயந்தரம் உட்கார்ந்தாள். மகளுடைய காது எப்படி என்று ஜீவராணிக்குத் தெரியவில்லை. இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று கேட்டதற்கு அடுத்த காம்பராவிலிருந்து பெரியாயி பதில் சொன்னாள்: "ஆறு வயசுல பீலிக்கரையில விழுந்தா. மூணு தையல். ஒனக்குச் சொன்னா அங்க இருந்து கவலப்படுவன்னு சொல்லல ஆத்தா."

மூன்றாம் நாள் பிரசாந்தினி நெளிந்தாள்.

"என்னையப் பாத்துக்கிட்டே இருக்காதீங்கம்மா."

"பாக்காம எப்படிம்மா கட்டுறது?"

"இப்பவா பாக்கணும்?"

எழுந்து பெரியாயி வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு உட்காரவில்லை. ஜீவராணியும் கேட்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் லயத்துப் பிள்ளைகள் இருவரோடு சேர்ந்து பிரசாந்தினி கட்டுநாயக்காவுக்குத் தையல் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பினாள். மேலே படிக்க வைக்கலாம் என்று நான் போய்ப் பேசினேன். சித்திரத்துக்கு அவளுக்கு நல்ல கை. "வேணாம் டீச்சர், எனக்கு இங்க இருக்க முடியல" என்றாள். இங்க என்றபோது அவள் பார்வை முன் காம்பராவிலிருந்த பலகைக்குப் போய் வந்தது. அங்கே தாடையும் வாயும் மூக்கும் மட்டும் முடிந்த முகம் நின்றது. மூக்குக்கு மேல் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." பிறகு போன் பெரியாயியிடம் போகும், அங்கே அரை மணி நேரம் சிரிப்பும் கதையுமாகப் போகும். சுவர் ஒற்றைச் சுவர், எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். ஜீவராணிக்கும் பெரியாயிக்கும் ஆளுக்கொரு சேலை, ஒரே மாதிரித் துணி, நிறம் மட்டும் வேறு. புறப்படுகிற அன்று பலகை அருகே நின்று, "அதக் கலைச்சிருங்கம்மா. வேற ஏதாச்சும் செய்ங்க. நீங்க நல்லா செய்வீங்கதானே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வெளியாளிடம் பேசுகிற மாதிரி தன்மையாகச் சொன்னாள் என்று ஜீவராணி சொன்னாள். மகள் முடி சீவி, பையைக் கட்டி முடிப்பதற்குள் அவள் கலைத்துவிட்டாள்.

போன மாதம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவளைச் சந்தித்தேன். இப்போது சேவல் ஒன்று கட்டுகிறாளாம். வால் இறகுக்குப் பச்சைக் கட்டை போதவில்லை என்றாள். இந்த வருடக் கண்காட்சிக்குத் தர முடியுமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். வேண்டாம் என்றாள். நூராவிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா என்றேன்.

"நோன்புப் பெருநாளைக்கு நான்தான் வாய்ஸ் போட்டேன். அவ கேட்டுட்டா, நீலம் காட்டுது. பதில் வரல. பெரிய புள்ளையாயிட்டா இல்லையா."

"முகத்த மறுபடி செஞ்சு பாக்கலாமே. அவசரம் இல்ல."

"அது எனக்கு வராது டீச்சர்" என்றாள். "கண்ண மூடுனா ஒரே முகந்தான் வருது. எம் புள்ளையத் தேடித் தேடிப் பாக்குறேன், வர மாட்டேங்குது."

கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டார். அவள் கூடையின் தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு, கொழுந்தை நிறுக்கப் போய் வரிசையில் நின்றாள்.